எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அக்கா பதவி உயர்வுத் தேர்வில் தோற்றுவிட்டார், நான் தேறிவிட்டேன். இதைப் பற்றி நிர்வாகத்துக்கு எழுதலாமா?

கொரட்டூர்_லைன்2:

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். சேர்ந்து 8 வருடம் ஆகிறது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ, பள்ளியிலிருந்தே ஆங்கில வழி.

எங்கள் இடத்தில் ஆபரேட்டராக இருப்பவர் லைன் லீடர் ஆக வேண்டுமென்றால் இதுவரை மேலாளர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். வேண்டியவருக்குக் கொடுக்கிறார்கள் என்று புகார் வந்துகொண்டே இருந்தது. அதனால் இந்த வருடம் தேர்வு வைத்தார்கள். வடக்கே இருக்கும் ஒரு நிறுவனம் கேள்வித்தாள் தயாரித்தது. கம்ப்யூட்டரில் 60 கேள்வி, 60 நிமிடம், 36 எடுத்தால் தேர்ச்சி. ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம். தமிழ் இல்லை. தொழில் சம்பந்தமாக 20 கேள்வி, மீதி 40 ஆங்கிலமும் பொது அறிவுத்திறனும்.

எனக்கு 44. அக்காவுக்கு 33.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. 17 வருடமாக லைனில் இருப்பவர், பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. நான் வந்த புதிதில் மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாது. டிப்ளமோ படித்தவள் என்று பெயர்தான். அக்காதான் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். அலுமினிய பாகத்தில் ப்ளோ ஹோல் (வார்ப்பில் காற்று சிக்கி விழும் ஓட்டை) எந்த மூலையில் ஒளிந்திருக்கும், பிசிறு எங்கே மிஞ்சும், எல்லாம் அவரிடம் கற்றதுதான். மெஷின் சத்தம் லேசாக மாறினாலே இன்செர்ட் (உலோகத்தை வெட்டும் முனை) தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவார். அடுத்த பத்து பீஸ் அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்த ஞாயிறு இரவு அக்கா ஷிப்டில் இருந்தார். தண்ணீர் உள்ளே வருவதற்குள் காலிபரேஷன் செய்த கேஜ், அதாவது அளவு சரிபார்த்து வைத்த அளவுக் கருவிகள், எல்லாவற்றையும் மேல் ரேக்குக்கு ஏற்றி, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பேனலை அணைக்கச் சொன்னவர் அவர்தான். யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை.

ரிசல்ட்டில் பிரிவு வாரியாக மதிப்பெண் தெரியும். தொழில் பகுதியில் அக்கா 20க்கு 18. நான் 15. மற்ற 40இல் அவர் 15, நான் 29.

தேர்வு முடிந்த அன்று கேன்டீனில் உட்கார்ந்து கேள்விகளை ஞாபகப்படுத்திப் பார்த்தோம். பனிச்சறுக்கு விளையாடப் போகும் ஊரைப் பற்றி ஒரு பத்தி, அதிலிருந்து 5 கேள்வி. ஆபீஸ் ஆங்கிலத்தில் ‘டச் பேஸ்’ என்றால் என்ன என்று ஒன்று. சுருக்கமாகத் தொடர்புகொண்டு பேசுவது என்று அர்த்தம். மேலாளர்கள் போனில் அப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், அதனால் எழுதினேன். அக்கா மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவர், அவர் எங்கே கேட்டிருப்பார்?

என்னைத் தூங்கவிடாதது உறவுமுறைக் கேள்விதான். ஒரு ஆணைக் காட்டி ஒரு பெண் சொல்கிறாள், ‘இவர் என் அம்மாவுடைய அண்ணனின் மகன்’. இவர் அவளுக்கு என்ன உறவு? சகோதரன், கசின், கணவன், மருமகன் என்று நான்கு விடை. நான் யோசிக்காமல் கசின் என்று அழுத்திவிட்டேன். அக்கா முதலில் மச்சான் என்ற சொல்லைத் தேடியிருக்கிறார். அது எதிலும் இல்லை. கசின் என்றால் சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை என்றுதான் அவர் நினைத்திருந்தார். அது அவர் கணக்கில் அண்ணன் தம்பி முறை. தாய்மாமன் மகன் எப்படி அண்ணன் ஆவான்? அக்காவின் வீட்டுக்காரரே அவருடைய தாய்மாமன் மகன்தான். அதனால் கணவன் என்று அழுத்தியிருக்கிறார். “நான் என்னம்மா தப்பா போட்டேன்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

23 பேர் எழுதினோம். ஆங்கில வழியில் படித்தவர்கள் 11 பேர், அதில் 8 பேர் தேறினார்கள். தமிழ் வழி 12 பேர், தேறியது 2. காலி இடம் 4. வரிசையில் நான் மூன்றாவது.

என் கேள்வி இதுதான். இந்தத் தேர்வு சரியில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் ரத்து செய்து மறுபடி வைக்கலாம், என் இடமும் போகலாம். அதற்குத் தயாராக இருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்னோடு தேறிய மற்ற 9 பேர்? எழுதலாமா, எழுதினால் எப்படி எழுதுவது?

பெரம்பூர்_பழைய_ஃபிட்டர்:

அம்மா, நான் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்கு ஒரு கிரேடிலிருந்து அடுத்த கிரேடுக்குப் போக டிரேடு டெஸ்ட் உண்டு. ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுப்பார்கள், ஒரு படத்தைக் கொடுப்பார்கள். வைஸில் பிடித்து, அரத்தால் ராவி, ஆண் துண்டும் பெண் துண்டும் ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்து காட்ட வேண்டும். மூலைமட்டம் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார்கள். இடுக்கில் வெளிச்சம் வந்தால் வேலை சரியில்லை, வரவில்லையென்றால் சரி. அப்புறம் வாய்மொழியாக நாலு கேள்வி, தமிழிலேயே. என் கூட எழுதியவர்களில் தெலுங்கர் உண்டு, மலையாளி உண்டு, ஆங்கிலோ இந்தியர் உண்டு. அரத்துக்கு மொழி கிடையாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. செய்முறைத் தேர்வில் பார்த்து மதிப்பெண் போடுவது மனிதன்தான். தன் ஆளுக்கு இரண்டு கூடப் போட நினைப்பவன் எந்த ஊரிலும் இருப்பான். அதனால் எழுத்துத் தேர்வு வந்ததே தப்பு என்று எழுதிவிடாதீர்கள். அளந்து பார்த்து எண்ணில் எழுதக்கூடிய செய்முறை கேளுங்கள், இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும்.

எழுதினால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம். 2019 ஜூலை 14 அன்று தபால் துறைத் தேர்வு நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆங்கிலம், இந்தி மட்டும். ஊர் ஊராகத் தமிழில் முகவரி படித்துக் கடிதம் கொடுக்கும் வேலைக்கான தேர்வு அது. மாநிலங்களவையில் நம் ஆட்கள் இரண்டு கட்சியும் சேர்ந்து எழுந்து நின்றார்கள். இரண்டே நாளில் அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அந்தத் தேர்வு ரத்து, தமிழ் உள்பட எல்லா மாநில மொழியிலும் மறுபடி நடக்கும் என்று சபையிலேயே சொன்னார். உங்கள் கம்பெனி பாராளுமன்றம் இல்லைதான். ஆனாலும் யாராவது ஒருவர் கேட்டால்தானே.

ஒரகடம்_இரவு_ஷிப்ட்:

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். நானும் தமிழ் வழிதான், செய்யாறு பக்கம் கிராமம். உங்கள் கணக்கில் வரும் அந்த ‘தேறியது 2’ மாதிரி ஒருவன். எங்கள் இடத்திலும் இப்படி ஒரு தேர்வு வந்தது. இரவு ஷிப்ட் முடித்து, ரூமில் மூன்று பேர் தூங்கும்போது நான் போனில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு 5 மாதம் ஆங்கிலம் படித்தேன். உறவுமுறைக் கேள்விக்குப் படம் போட்டுப் பழகினேன். தேறினேன். அதற்கப்புறம் தேர்வே தப்பு, ரத்து என்று சொன்னால் என் 5 மாதத்துக்கு யார் பதில் சொல்வது?

இன்னொன்று. லைன் லீடர் ஆனால் கஸ்டமர் புகார் ஆங்கிலத்தில்தான் வரும். பதில் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். ஆடிட்டுக்கு வருபவர் தமிழில் கேட்க மாட்டார். அக்காவுக்கு அது முடியுமா? முடியாவிட்டால் பாவம், அவரைத்தான் நாளைக்குத் திட்டுவார்கள்.

கொரட்டூர்_லைன்2:

கோபம் இல்லை தம்பி. நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உங்கள் 5 மாதத்தை யாரும் அழிக்கக் கூடாது, எங்கள் இடத்தில் தேறிய அந்த இரண்டு பேருடையதையும்தான்.

ஆங்கிலம் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் எந்த ஆங்கிலம்? டிராயிங்கில் இருக்கும் டேட்டம், சாம்ஃபர், டாலரன்ஸ் எல்லாம் அக்கா படிப்பார், தினமும் அதை வைத்துத்தான் வேலை. கஸ்டமர் புகார் ஒன்றைக் கையில் கொடுத்து, ‘எந்தப் பாகம், எத்தனை பீஸ், என்ன குறை, முதலில் என்ன செய்வாய்’ என்று கேட்டிருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அதில் தோற்றிருந்தால் அக்காவே ஒப்புக்கொண்டிருப்பார். பனிச்சறுக்கு எதற்கு?

பாரிமுனை_வக்கீல்:

தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறேன். உங்கள் குழப்பம் உலகத்தில் பெரிய நீதிமன்றங்களையே இரண்டாகப் பிரித்த குழப்பம், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனம். அதன் டான் ரிவர் நிலையத்தில் கறுப்பினத் தொழிலாளர்களைக் கூலிப் பிரிவில் மட்டும்தான் வைத்திருந்தார்கள். இன பேதம் கூடாது என்ற சட்டம் 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் புது விதி போட்டது. நல்ல பிரிவுகளில் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு இரண்டு எழுத்துத் தேர்வும் தேற வேண்டும். யாருக்கும் தடை இல்லை, எல்லோருக்கும் ஒரே தேர்வு. ஆனால் அந்தச் சான்றிதழோ தேர்வோ இல்லாமல் முன்பே சேர்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் அதே வேலைகளை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள். அப்படியென்றால் அந்தத் தேர்வு வேலைக்கு எதற்கு? 1971இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தொழிலாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வேலையோடு சம்பந்தம் இருப்பதை நிறுவனம்தான் காட்ட வேண்டும், கெட்ட எண்ணம் இல்லை என்பது போதாது என்றார்கள். தலைமை நீதிபதி பர்கர் அந்தத் தீர்ப்பில் நரியும் கொக்கும் கதையைக் குறிப்பிடுகிறார். நாம் இரண்டாம் வகுப்பில் படித்த அதே கதை. தட்டில் ஊற்றி வைத்தால் கொக்கால் குடிக்க முடியாது. இரண்டுக்கும் ஒரே பாலைத்தான் வைத்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பது அவர் வாதம்.

இப்போது ஒரகடம் தம்பியின் பக்கம். 2003இல் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் நகரத் தீயணைப்புத் துறையில் பதவி உயர்வுத் தேர்வு. 118 பேர் எழுதினார்கள். எழுத்துக்கு 60 சதவீதம், வாய்மொழிக்கு 40. இருந்த காலி இடங்களுக்குத் தகுதி பெற்ற வரிசையில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. வழக்கு வரும் என்று பயந்து நகர நிர்வாகம் முடிவுகளையே தூக்கிப் போட்டது. தேறியவர்கள் வழக்குப் போட்டார்கள். முதல் மனுதாரரான ஃபிராங்க் ரிச்சிக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமம் உண்டு. காசு கொடுத்துப் பாடப் புத்தகங்களை ஒலிநாடாவில் படிக்கச் சொல்லி, அதைக் கேட்டுப் படித்தவர். 2009இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அவர்கள் பக்கம் நின்றது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி கின்ஸ்பர்க், தலைமை தாங்கும் திறமையை எழுத்துத் தேர்வால் எவ்வளவு அளக்க முடியும் என்று கேட்டார். பக்கத்து ஊர்கள் வேறு மாதிரித் தேர்வு வைத்ததையும் சுட்டிக் காட்டினார்.

நான் இரண்டையும் சேர்த்துப் படிப்பது இப்படி. தேர்வைக் கேள்வி கேட்க நல்ல நேரம் அது நடப்பதற்கு முன். நடந்த பிறகு தூக்கிப் போட்டால் புதிதாக ஒரு கூட்டத்துக்கு அநியாயம் நடக்கும். உங்களுக்கு ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது, இன்னும் பதவி உயர்வு ஆணை கொடுக்கவில்லை அல்லவா?

அமெரிக்காவில் 1978இல் ஒரு கைக்கணக்கு வந்தது. ஒரு பிரிவின் தேர்ச்சி விகிதம் அதிகம் தேறிய பிரிவின் விகிதத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் தேர்வை உற்றுப் பார்க்க வேண்டும். அது இனம், பாலினம் போன்றவற்றுக்கு, பள்ளி மொழிக்கு இல்லை, நம் நாட்டு விதியும் இல்லை. ஆனாலும் போட்டுப் பாருங்கள். ஆங்கில வழியில் 11க்கு 8, சுமார் 73 சதவீதம். தமிழ் வழியில் 12க்கு 2, சுமார் 17. கால் பங்குகூட இல்லை. கடிதத்தில் இந்த ஒரு வரி இருந்தால் போதும்.

சட்டம் பற்றி ஏமாற்றமாக இருந்தாலும் சொல்கிறேன். வேலையில் சம வாய்ப்பு என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு அரசு வேலைக்குத்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விடைத்தாள் கேட்கும் வழியும் தனியார் கம்பெனியிடம் செல்லாது. பதவி உயர்வு நிர்வாகத்தின் அதிகாரம் என்றுதான் பொதுவாக நீதிமன்றங்கள் பார்க்கும். அதனால் வழக்கை நினைக்காதீர்கள். சங்கம் இருந்தால் அடுத்த ஒப்பந்தத்தில் தேர்வு முறையை ஒரு ஷரத்தாகப் போடச் சொல்லுங்கள். இப்போதைக்குக் கடிதம் போதும். தனியாகப் போடாதீர்கள், தேறியவரும் தேறாதவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

ஐடிஐ_வாத்தியார்:

ஒரு எச்சரிக்கை மட்டும். ‘தமிழில் வேண்டும்’ என்று மட்டும் எழுதிவிட்டு நின்றுவிடாதீர்கள். 2018 நீட் தேர்வில் தமிழ் வினாத்தாள் இருந்தது, ஆனால் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. சிறுத்தை என்று வர வேண்டிய இடத்தில் ‘சீத்தா’ என்று இருந்தது. கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் தரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. பிறகு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் கேள்வித்தாள் தயாரிப்பவன். டார்க் ரெஞ்ச் என்று 17 வருடம் சொல்லிப் பழகியவரிடம் ‘முறுக்குவிசைத் திருகி’ என்று கேட்டால் அதுவும் அந்நிய மொழிதான். அதனால் தமிழாக்கத்தை லைனில் வேலை செய்யும் இரண்டு பேரிடம் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். கேள்வி போடும் முன் அந்த ஏஜென்சி ஆள் ஒரு ஷிப்ட் முழுக்க லைன் லீடர் பக்கத்தில் நிற்கட்டும். அவர் ஒரு நாளில் என்னென்ன செய்கிறார் என்று எழுதிக்கொள்ளட்டும். கேள்வி அந்தத் தாளிலிருந்துதான் வர வேண்டும். நான் ஒவ்வொரு கேள்வியையும் இப்படித்தான் சோதிப்பேன்: இது தெரியாதவன் நாளைக்கு மெஷினில் எதைக் கெடுப்பான்? பதில் இல்லையென்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுவேன்.

கொரட்டூர்_லைன்2:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு நாள் மாலை எங்கள் வீட்டில் ஆறு பேர் உட்கார்ந்தோம். அக்காவும் வந்தார், தேறிய தமிழ் வழி நண்பர் ஒருவரும் வந்தார். ஞாபகத்திலிருந்து 51 கேள்வியைத் திரட்டிவிட்டோம். வாத்தியார் சொன்ன சோதனையை ஒவ்வொன்றுக்கும் போட்டோம். தொழில் பகுதியில் கிடைத்த 18உம் நின்றன. மீதி 33இல் 11 நின்றன. ரிஜெக்‌ஷன் சதவீதம் கணக்கிடுவது, ஷிப்ட் அட்டவணை படிப்பது, அந்த மாதிரி. 22 நிற்கவில்லை. ஒரு கேள்வியை எடுக்கலாமா வேண்டாமா என்று அந்த நண்பருக்கும் அக்காவுக்கும் அரை மணி நேரம் வாக்குவாதம். ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகை படித்துப் பதில் சொல்லும் கேள்வி. அக்காதான் ‘அது இருக்கட்டும், பலகையைப் படிக்கத் தெரியாதவர் லீடரா இருக்கக் கூடாது’ என்று முடித்தார்.

ரத்து செய்யுங்கள் என்று எழுதவில்லை. தேறிய 10 பேரும் தேறியவர்களாகவே இருக்கட்டும். தொழில் பகுதியில் 15 அல்லது அதற்கு மேல் எடுத்தும் மொத்தத்தில் தேறாதவர்களையும் அவர்களோடு சேர்த்து, எல்லோருக்கும் லைனில் ஒரு ஷிப்ட் செய்முறை வையுங்கள். கஸ்டமர் புகார் ஒன்றும் அதில் இருக்கட்டும். இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும். நான்கு இடத்தையும் அதற்குப் பிறகு நிரப்புங்கள். இவ்வளவுதான் எழுதினோம். வக்கீல் அம்மா சொன்ன சதவீதக் கணக்கு ஒரு வரி. உறவுமுறைக் கேள்வியையும், அதற்கு நம் வீடுகளில் என்ன பதில் என்பதையும் அப்படியே எழுதினேன்.

ஒரகடம் தம்பி, தேறியவர்களில் 4 பேர் கையெழுத்துப் போட்டார்கள், மற்றவர்கள் போடவில்லை. அவர்களை நான் தப்பாக நினைக்கவில்லை. செய்முறை வந்தால் நான் மூன்றாவது இடத்தில் இருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பொண்ணு உனக்குச் சொல்லிக்கொடுத்தவதானே” என்றார்.

கடிதம் கொடுத்து மூன்று நாளில் பதில் வந்தது. வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பேசலாம், இரண்டு பேர் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரம் அக்காவுக்கு முதல் ஷிப்ட், இரண்டரைக்கு முடியும். ஆபீஸ் ரூமுக்குப் போகிறோமே, வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். யூனிஃபார்மிலேயே வாங்க அக்கா என்றேன்.